கொக்கி காலி

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் தொங்கும் கொக்கிகள் எல்லாம் காலி. மூலையில் ஒருவர் புதுப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு அட்டையிலும் காருக்குப் பின்னால் தங்க நிறத் தீச்சுடர் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தார். இருந்தால் அது சூப்பர் ட்ரெஷர் ஹன்ட், அரிதாக வரும் விசேஷ கார்: ரப்பர் டயர், பளபளக்கும் பெயின்ட். கடையில் மலிவாக வாங்கிய கார், ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஆயிரக்கணக்கில் கைமாறும்.

கடையில் கிடைக்காத பழைய காரைத் தேடிப் பிடித்து லாபத்துக்கு விற்றால் சரி, அது உழைப்பு. (நானும் இரண்டு விற்றிருக்கிறேன்.) ஆனால் ஊழியரைக் 'கவனித்து', பெட்டி கொக்கிக்கு வருமுன்பே அள்ளுவது?

பக்கத்தில் ஒரு பொடியன், "ஒண்ணுகூடவா இல்லப்பா?" என்றான். அப்புறம் அந்த மூலை ஆசாமி கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஒரு பச்சை வேனைப் பொறுக்கிக்கொண்டு, பில் போடுமுன்பே அட்டையைக் கிழித்துவிட்டான்.