25 மன் என்றால் எவ்வளவு?

ஜப்பான் வேலை விளம்பரம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. மாதச் சம்பளம் '25 மன் யென்'. பகிர்ந்தவர் மேலே கேட்டிருந்தார்: "வெறும் 25 ஆயிரமா?"

இல்லைங்க. இரண்டரை லட்சம்.

ஜப்பானியத்தில் பத்தாயிரம் தொட்டதும் ஒரு புதுப் பெயர். அதற்குப் பிறகு நான்கு நான்கு சுழிக்கு ஒருமுறைதான் அடுத்தது. மன் 10,000. ஒக்கு 10 கோடி. லட்சத்துக்கும் கோடிக்கும் தனிப் பெயரே கிடையாது. லட்சம் 10 மன், கோடி 1,000 மன்.

காற்புள்ளியை நம்பாதீர்கள். அதை மூன்று இலக்கத்துக்கு ஒன்றாகத்தான் அவர்களும் போடுகிறார்கள். கடைசி நான்கு இலக்கத்தை விரலால் மறையுங்கள். மிச்சம் தெரிவதுதான் மன் கணக்கு.

99 வரை சுகம். நி இரண்டு, ஜூ பத்து, கோ ஐந்து, 25 'நி-ஜூ-கோ'. அவ்வளவுதான்.

இடறுவது நூறில். ஹியாக்கு என்பது 300-ல் சம்ப்யாக்கு, 600-ல் ரொப்ப்யாக்கு, 800-ல் ஹப்ப்யாக்கு. ஆயிரத்துக்கு சென், 3,000 மட்டும் சன்ஸென், 8,000 ஹஸ்ஸென். கடையில் விலை சொல்லும்போது காது ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஐந்தில்தான்.

நூறு, ஆயிரத்துக்கு முன்னால் 'ஒன்று' வேண்டாம். பத்தாயிரத்துக்குக் கட்டாயம்: இச்சி-மன்.

10,000 யென் நோட்டில் இந்த 'ஒன்று' வழக்கமான ஒற்றைக் கோடாக இருக்காது. ஒரு கோடு கூட்டினால் இரண்டு, இன்னொன்று இழுத்தால் மூன்று. அப்படித் திருத்த முடியாதபடி, பத்திரங்களில் எழுதும் சிக்கலான எழுத்தையே அச்சிடுகிறார்கள்.