இடது கண்ணை மூடிக்கொண்டு

செப்டம்பர் 8, ஞாயிறு

கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து நாலரைக்குக் கிளம்பினேன். கடிலாக் என்ற ஊரில் 13ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே. பொன்டெக்ஸ், அனராய்டு. நிலம் அளக்க வந்தவர்கள் அனராய்டு காற்றழுத்தமானியைத் தொலைத்த இடம் என்பதால் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் யாரோ ஒருவர் இன்னும் புல்லுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

நான் போகும் ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே நாலு ட்ரோன் வந்துவிடும். இருப்பது ஒரே ஒரு தானிய எலிவேட்டர். பக்கவாட்டில் ஊர்ப் பெயர், கடைசி இரண்டு எழுத்து உதிர்ந்துவிட்டது. ஏழு மணிக்கு வெயில் மேற்கிலிருந்து தண்டவாளத்தோடு படுத்து வந்தது, பலகை பலகையாகத் தெரிந்தது. பதினொரு படம்.

வடக்கே சாய்ந்திருக்கிறது. அல்லது அதுவும் என் இடது கண்ணின் கோளாறுதான்.

செப்டம்பர் 11

கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

செப்டம்பர் 14, சனி

அத்தை ஊரிலிருந்து வீடியோவில் வந்தார். படங்களை இவள் காட்டியிருக்கிறாள். "மாப்பிள்ளை லிஃப்டையா போட்டோ எடுக்கிறார்?" என்று கேட்டாராம். சமையலறையில் ஒரே சிரிப்பு.

குதிர் என்று சொல் என்றேன். எட்டு மாடி உயரத்துக்கு மரத்தால் ஒரு குதிர். அப்புறம் யோசித்தால் அத்தை சொன்னதும் சரிதான். உள்ளே முடிவில்லாத ஒரு பெல்ட், அதில் வரிசையாகக் கிண்ணங்கள். கீழே குழியில் கொட்டிய கோதுமையை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்கும். அங்கிருந்து எந்த அறைக்கு வேண்டுமோ அதற்குக் குழாயைத் திருப்புவார்கள். லிஃப்ட்தான். கோதுமை ஏறும் லிஃப்ட்.

ஃபிரிட்ஜில் ஒட்டிய, கண்ணைச் சோதிக்கும் கட்ட அட்டையைப் பார்த்தேன். இடது கண்ணுக்கு நடுவில் மூன்று கட்டங்கள் குழிந்திருக்கின்றன. புதன்கிழமையும் மூன்றுதான். எண்ணிக்கை கூடவில்லை. தினமும் இரண்டு தடவைக்கு மேல் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தேன், இன்று ஆறு.

செப்டம்பர் 15

அந்த ஊர்ப் பெரியவர் இன்று வந்து பேசினார். 22 வருஷம் அந்த எலிவேட்டரில் தானியம் வாங்கும் ஏஜென்ட்டாக இருந்தவர். நான் அரை மணி நேரமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைத் தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாராம்.

சுவர் எப்படிக் கட்டினார்கள் என்று கையால் காட்டினார். தூண் கிடையாது, சட்டம் கிடையாது. பலகையைப் படுக்கப் போட்டு, அதன்மேல் இன்னொன்று, அறைந்து அறைந்து மேலே போவது. அடியில் 2க்கு 8 அங்குலம், கொஞ்சம் ஏறியதும் 2க்கு 6, உச்சியில் 2க்கு 4. தானியம் வெளிப்பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் இவ்வளவு மரம். "நிரப்பி வைத்திருந்தவரை நேராக நின்றது. காலியான பிறகுதான் அதற்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை" என்றார்.

அப்படியானால் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா என்று கேட்டேன். எதிர் திசையில் துப்பினார். "எது சாயவில்லை?"

உள்ளே ஆள் ஏற ஒரு பெட்டி. அவர் எடைக்குச் சரியாக எதிர் எடை கட்டியிருக்கும். கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்தால் போதும். ஒருமுறை ஒல்லியான பையன் ஒருவன் சொல்லாமல் ஏறி, பட்டம்போல் உச்சிக்குப் போய்விட்டானாம். இதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் கயிறு இழுத்தது.

அக்டோபரில் இடிக்கப் போகிறார்கள்.

செப்டம்பர் 19

மழை. கிரிட் ரோடு களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், போக வழியில்லை. வீட்டிலிருந்தபடி ஃபிளெமிங் ஊர் எலிவேட்டரின் படங்களைப் பார்த்தேன், மறுபடியும். 1895இல் கட்டியது. கட்டிய இடத்திலேயே நின்றவற்றில் கனடாவிலேயே பழையது. அதைப் புதுப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் யாரோ கொளுத்திவிட்டார்கள். நான் அப்போது இந்த நாட்டிலேயே இல்லை. இருந்தும், தவறவிட்டது நான்தான் என்பதுபோல் ஒரு கோபம்.

செப்டம்பர் 24

போன் வந்தது. அக்டோபர் 17, வியாழன், காலை 9:15, ரெஜைனா. கண்ணில் மருந்து ஊற்றுவார்கள், வண்டி ஓட்டக்கூடாது, யாரையாவது கூட்டி வா. இவள் லீவு கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் தூக்குக்குண்டு ஒன்று வாங்கினேன். பித்தளை, கூர் முனை. அப்பா சுவர் கட்டும்போது பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், நான் பிடித்தது இதுதான் முதல் முறை.

எலிவேட்டருக்கு மேற்கே, தண்டவாளத்தோரம் ட்ரைபாடை வைத்து, அதன் கையில் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் ஆடியது. வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறைத்தேன். நின்றது. இடது கண்ணை மூடி, எலிவேட்டரின் மூலையையும் நூலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அடியில் ஒட்டி நிற்கிறது, மேலே போகப் போக விலகுகிறது. வடக்கே சாய்ந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரு கட்டடம் விழப்போவதைப் பார்த்து யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா?

அப்புறம் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

நூலே வளைந்திருந்தது.

அக்டோபர் 3

தூக்கமில்லை. 1933இல் மேற்கு மாகாணங்களில் 5,700க்கும் மேல் எலிவேட்டர்கள் இருந்தன. குதிரை வண்டி காலையில் கோதுமையோடு போய் மாலைக்குள் திரும்ப வேண்டும், அந்தக் கணக்கில் எட்டு பத்து மைலுக்கு ஓர் ஊர், ஊருக்கு இரண்டு மூன்று கோபுரம். 1995 ஆகஸ்ட் 1இல் ரயில் கட்டண மானியம் போனது. கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடின, மெயின் லைனில் கான்கிரீட் டெர்மினல்கள் முளைத்தன. இன்று மரத்தில் சில நூறு தேறும். இந்தப் பாதை பிழைத்தது, 2004இல் இங்குள்ளவர்களே பங்கு போட்டு வாங்கிக்கொண்டதால்.

மணி 3:20. இதையெல்லாம் நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 6

இன்று ரயில் வந்தது! தானியம் ஏற்றும் பதினாலு ஹாப்பர் வண்டிகள், நடைவேகம். எலிவேட்டரைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. டிரைவர் கையசைத்தார். நான் படம் எடுக்க மறந்து கையசைத்தேன்.

பக்கத்து வயலில் அறுத்த மைசூர் பருப்பின் தாள். குனிந்து தேடினால் சிந்திய பருப்பு கிடைக்கும், கால் சட்டைப் பையில் ஒரு பிடி கொண்டுவந்தேன். இவள் கழுவிச் சாம்பாரில் போட்டுவிட்டாள். "பையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?"

அக்டோபர் 9

நாலு கட்டம்.

அக்டோபர் 12, சனி

எக்ஸ்கவேட்டர் வந்து நிற்கிறது, மஞ்சள், வாளியைத் தரையில் ஊன்றிக்கொண்டு. மேஸ்திரி நல்ல மனுஷன். எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். வடக்கே, அதுவே அங்கேதான் போகப் பார்க்கிறது என்றார். தண்டவாளம் தெற்கே இருப்பதால் அவருக்கு நிம்மதி. அடியில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதுமாம். காற்று இருந்தால் தொடமாட்டார்கள்.

எப்போது என்றேன். புதன் அல்லது வியாழன் என்றார்.

அக்டோபர் 13

வீட்டில் யாரோடும் பேசவில்லை. என்னோடு யாரும் பேசவில்லை. சரி.

அக்டோபர் 15

வியாழன் என்றால் வியாழன். ரெஜைனா கிழக்கே ஒன்றாம் நெடுஞ்சாலையில், எலிவேட்டர் தெற்கே. தேதியை மாற்றினால் அடுத்தது டிசம்பர் என்கிறார்கள். கேட்டது நான்தான், இவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். படிக்கட்டும்.

விழுவதைப் படம் பிடித்து என்ன ஆகப்போகிறது? நிற்பது 340 படம் இருக்கிறது. அதில் 200க்கு மேல் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கோடெல்லாம் நேராகிவிடும், சாய்வு போய்விடும். ஒன்றிலும் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பது.

விழும்போது இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும் என்றிருக்கிறது. அது மட்டும்தான்.

அக்டோபர் 16

நாள் முழுக்கக் காற்று. மணிக்கு 50 கிலோமீட்டர். பெரியவருக்குப் போன் செய்தேன், "நிற்கிறது" என்றார், வைத்துவிட்டார்.

அக்டோபர் 17

மணி 4:40. வெளியே போய் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. உள்ளே இவள் ஃபிளாஸ்கில் காபி ஊற்றுகிறாள், கார்ச் சாவி அவள் கையில்தான்