பதினொன்று வரை அடக்கி வைத்த கண்ணீர்

சிகாகோ கிராண்ட் பார்க் கூட்டத்தில் நின்ற கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் முகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உதட்டின் மேல் விரல், கையில் சின்னதாய் ஒரு அமெரிக்கக் கொடி, கன்னமெல்லாம் ஈரம். 1984-லும் 1988-லும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்று தோற்றவர். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது அதே மெம்ஃபிஸ் விடுதியில் இருந்தவர். அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபராகப் பராக் ஒபாமா வென்ற 2008 நவம்பர் 4 இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் படத்தைப் போட்டு, "வரலாறு படைத்த இரவு" என்று நாலு வரி சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அழுகை ஏன் அந்த நிமிடத்தில் வந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஏனென்றால் கணக்குத் தெரிந்தவர்களுக்கு முடிவு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலக்டோரல் ஓட்டு என்று உண்டு, பெரும்பாலும் அங்கே வென்றவருக்கே அத்தனையும் போகும், 270 சேர்த்தவர் அதிபர். கிழக்குக் கரை நேரத்தை வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு முன்பே பென்சில்வேனியா ஒபாமாவுக்கு என்று டிவிக்காரர்கள் அறிவித்தார்கள். ஒன்பதரை வாக்கில் ஓஹாயோ வந்தது. ஓஹாயோவை இழந்து அதிபரான குடியரசுக் கட்சிக்காரர் அதுவரை ஒருவரும் இல்லை. மேற்கே கலிஃபோர்னியா 55, வாஷிங்டன் 11, ஓரிகன் 7, ஹவாய் 4, ஆக 77 எலக்டோரல் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்குப் போவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஓஹாயோவும் சேர்த்து அதுவரை கிடைத்ததோடு அந்த 77-ஐக் கூட்டிப் பார்த்தவர்கள், தேவையான 270 கைக்குள் வந்துவிட்டதைப் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த 77-ஐ ஒன்பதரைக்குச் சொல்ல முடியாது. 1980-இல் மேற்குக் கரையில் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ரீகன் வென்றதாக என்பிசி டிவி அறிவித்தது. எதிர்த்து நின்ற அதிபர் கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். மேற்கே வரிசையில் நின்றவர்கள் திரும்பி நடந்ததாகப் பெரிய புகார் எழுந்தது. 1985-இல் டிவி நிறுவனங்கள் அமெரிக்க காங்கிரஸுக்கு வாக்குக் கொடுத்தன: ஒரு மாநிலத்தில் ஓட்டுப்பதிவு முடியும்வரை அந்த மாநிலத்தின் முடிவை ஊகித்துச் சொல்லமாட்டோம். 2008-இல் மேற்கே சாவடி மூடியது கிழக்கு நேரம் இரவு 11-க்கு. நம் நேரப்படி 5-ஆம் தேதி காலை 9.30. சிஎன்என் திரையில் ஒபாமாவின் கணக்கு 207 என்றிருந்தது, 11-க்குச் சில நிமிடம் முன்பு வர்ஜினியாவின் 13 சேர்ந்து 220 ஆனது, மணி அடித்ததும் 297-க்குத் தாவியது. சொட்டுச் சொட்டாக வந்திருக்க வேண்டிய செய்தி ஒரே நொடியில் கொட்டியதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஆழமானது. கணக்குப் புரிந்தவர்களில்கூடப் பலர் வாய் திறக்கவில்லை. குறிப்பாக வயதான கறுப்பின மக்கள். திரையில் வருகிற எண்ணை நம்பாமல் இருக்க அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

2000-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு என்று இரவு எட்டுக்கு முன்பே சொன்னார்கள், பத்து மணி வாக்கில் வாபஸ் வாங்கினார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டேகால் வாக்கில் புஷ்ஷுக்கு என்றார்கள், விடிவதற்குள் அதையும் வாபஸ் வாங்கினார்கள். முதல் தவறுக்குக் காரணம், எக்ஸிட் போல் (ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டுக் கணிப்பது) எடுத்த சாவடிகளின் மாதிரி கோர் பக்கம் சாய்ந்திருந்ததும், தபால் ஓட்டுகளைக் குறைத்து மதிப்பிட்டதும். இரண்டாவதில் அந்த மாநிலத்தின் வொலூஷியா கவுன்ட்டியில் (மாவட்டம்) நடந்த கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒரு மெமரி கார்டு கோரின் கணக்கிலிருந்து சுமார் 16,000 ஓட்டைக் கழித்துவிட்டது. பிறகு அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் விசாரித்தபோது, அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவரின் ஓட்டு செல்லாததாகத் தள்ளப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக இருந்தது தெரியவந்தது. வரிசையில் நின்று போட்ட ஓட்டே எண்ணப்படாமல் போனவர்களிடம் டிவியின் ஊகத்தை நம்பு என்றால் எப்படி நம்புவார்கள்?

அதற்கும் முந்தைய காயம் 1982-இல். கறுப்பினத்தவரான லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் டாம் பிராட்லி கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றார். கருத்துக்கணிப்புகள் அவர் முன்னணியில் இருப்பதாகச் சொல்லின, எக்ஸிட் போலும் அவர் ஜெயிப்பார் என்றது. ஒரு லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். "வெள்ளையர்கள் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு போடுகிறார்கள்" என்ற விளக்கம் பிறந்தது. பிராட்லி விளைவு என்று பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சி தபால் ஓட்டை வீடு வீடாகத் திரட்டியிருந்தது. சாவடி வாசலில் நிற்கும் எக்ஸிட் போல்காரருக்குத் தபாலில் போட்டவர் கண்ணில் படுவதே இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டுமா என்று மக்களைக் கேட்கும் தீர்மானம் ஒன்றும் அதே வாக்குச்சீட்டில் இருந்ததால் அதை எதிர்ப்பவர்கள் திரண்டு வந்தார்கள். ஆகவே பிராட்லியின் தோல்வியை முழுக்க நிறத்தின் கணக்கில் எழுதுவது சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் 1989-இல் வர்ஜினியாவில் டக்ளஸ் வைல்டர் ஆளுநர் தேர்தலில் நின்றபோது நடந்ததை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. கணிப்புகள் பெரிய வித்தியாசம் காட்டின, எக்ஸிட் போலும் காட்டியது. 7,000-க்கும் குறைவான ஓட்டில்தான் தப்பிப் பிழைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆளுநர் என்ற பெருமை அந்தக் கயிற்றில் தொங்கி வந்தது.

2008 ஜனவரியில் பழைய பயம் மறுபடி எழுந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஒபாமா நன்றாக முன்னே இருப்பதாக எல்லாக் கணிப்பும் சொல்ல, ஹிலாரி கிளின்டன் ஜெயித்தார். அதிலிருந்து நவம்பர் வரை ஒபாமாவின் முன்னிலை எத்தனை சதவீதம் என்று பேசினாலும் "அதில் எத்தனையைக் கழிக்கணும்?" என்ற கேள்வி கூடவே வந்தது.

எக்ஸிட் போல் எடுப்பவர்களும் இதே பயத்தோடுதான் வேலை பார்த்தார்கள். முறை இதுதான்: தேர்ந்தெடுத்த சாவடிகளின் வாசலில் ஆள் நிற்பார். வெளியே வருகிறவர்களில் இத்தனையாவது ஆள் என்று எண்ணித்தான் அணுக வேண்டும், முகம் பார்த்து அல்ல. வாயால் கேட்பதில்லை. அச்சடித்த தாளைக் கொடுத்துவிடுவார், வாக்காளரே நிரப்பி மடித்துப் பெட்டியில் போடுவார், பெயர் கிடையாது. கூச்சத்தில் பொய் சொல்லாமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் தொலைபேசியில் தனியாகக் கேட்டுச் சேர்த்தார்கள். மாலை ஐந்து மணிவரை அந்த எண்களைப் பார்க்கும் ஆய்வாளர்கள் செல்போன் இல்லாமல் ஒரு அறையில் அடைபட்டிருக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், மறுத்துவிட்டு நடப்பவர் யார் என்பதில் கோளாறு வரும். 2004-இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரிக்கு வேண்டியவர்கள் கூடுதலாக நின்று பதில் சொன்னதால் எக்ஸிட் போல் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் 2008-இல் ஒபாமாவுக்குச் சாதகமாக வந்த எண்களைப் பார்த்து அந்த அறையில் இருந்தவர்களே நம்பத் தயங்கினார்கள். கடைசியில் வித்தியாசம் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளின் சராசரியும் கிட்டத்தட்ட அதேதான். கழிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

பதினொன்றுக்கு முன் வந்த அந்த வர்ஜினியாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் தலைநகரம் ரிச்மண்ட், வர்ஜினியாவில் இருக்கிறது. 1964-க்குப் பிறகு 2008 வரை அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அங்கே வென்றதில்லை. வைல்டர் மயிரிழையில் தப்பிய ஊரும் அதுதான். ஒபாமாவின் அப்பா கென்யாக்காரர், அம்மா கான்ஸஸில் பிறந்த வெள்ளைக்காரர். இருவரும் 1961-இல் ஹவாயில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு அதே கல்யாணம் வர்ஜினியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துப்போட்டது 1967-இல்தான். அந்த மாநிலம் டிவி வரைபடத்தில் ஜனநாயகக் கட்சியின் நீல நிறமாக மாறியதைப் பார்த்துத்தான் பலருக்கு முதலில் தொண்டை அடைத்தது. எண்ணாகப் பார்த்தால் வெறும் 13.

ஹவாயின் நான்கு ஓட்டுக்கும் ஒரு முகம் உண்டு. ஒபாமாவை வளர்த்த அம்மா வழிப் பாட்டி மேடலின் டன்ஹம் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஹோனலுலுவில் இறந்துபோனார். அவர் முன்னதாகவே அனுப்பியிருந்த தபால் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்தது.

பயத்தில் இன்னொரு பங்கு துப்பாக்கி பற்றியது. சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, இவர் நிற்காமலே இருந்தால் தேவலை என்று நினைத்த கறுப்பினத் தாய்மார்கள் எத்தனையோ பேர். வேட்பாளராக இருக்கும்போதே 2007 மே மாதத்தில் அவருக்கு சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்பு கொடுத்தார்கள். அவ்வளவு சீக்கிரம் வேறெந்த வேட்பாளருக்கும் கொடுத்ததில்லை. கிராண்ட் பார்க் மேடைப் படங்களை உற்றுப் பாருங்கள். பேசும் இடத்துக்கு இரு பக்கமும் தடித்த குண்டு துளைக்காத கண்ணாடி நிற்கும். எதிரே சுமார் 2,40,000 பேர். அழுகையில் மகிழ்ச்சி எவ்வளவு, பதைப்பு எவ்வளவு என்று அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது.

ஃபீனிக்ஸில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தோல்வியை ஏற்றுப் பேசியபோது, ஒபாமா பெயரைச் சொன்னதும் அவருடைய ஆட்கள் கூச்சலிட்டார்கள். கையைத் தூக்கி அடக்கினார். 1901-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்ததையும், அதற்கு நாட்டில் கிளம்பிய ஆத்திரத்தையும் நினைவூட்டி, இந்த இரவு கறுப்பின மக்களுக்கு என்ன பொருள் என்பதைச் சொன்னார். தோற்றவர் வாயிலிருந்து அது வந்ததற்குத் தனி மதிப்பு இருக்கிறது. டிவி வாபஸ் வாங்கலாம், அதை இனி யாரும் வாங்க முடியாது.

வாஷிங்டனில் யூ தெருவும் 14-ஆம் தெருவும் சந்திக்கும் முனை விடியும்வரை ஆட்டமும் பாட்டுமாக இருந்தது. 1968-இல் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் எரிந்த முனை அது. கென்யாவில் 6-ஆம் தேதி அரசு விடுமுறை.

எல்லாரும் கொண்டாடவில்லை. எக்ஸிட் போல் கணக்குப்படி கறுப்பினத்தவரில் 95 சதவீதம் ஒபாமாவுக்குப் போட்டார்கள், வெள்ளையரில் 43 சதவீதம். முடிவு தெரிந்த சில மணி நேரத்தில் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் கட்டி முடியும் நிலையில் இருந்த கறுப்பின மக்களின் சர்ச் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். ஒபாமா வென்ற கோபத்தில் செய்ததென்று வழக்கில் நிரூபணமானது. அதே நாளில் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. ஒபாமாவுக்காகத் தெருவில் இறங்கியவர்களில் பலருக்கு அந்த இரவு பாதியில் கசந்துபோனது.

மறுநாள் காலை செய்தித்தாள் கிடைக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் அலுவலக வாசலில் வரிசை நின்றது. வாஷிங்டன் போஸ்ட் சிறப்புப் பதிப்பு அச்சடித்து விற்றது. இணையத்திலும் டிவியிலும் எல்லாம் பார்த்துவிட்டவர்கள் எதற்குக் காகிதத்துக்கு அலைந்தார்கள் என்று கேட்டால், மேலே சொன்ன 2000-ஆம் ஆண்டு இரவுதான் என் பதில். பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டக் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

அப்படி எடுத்து வைத்தவர்களில் பலர் அதைக் கெடுத்துவிட்டார்கள். செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். கண்ணாடிச் சட்டம் போட்டு வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில மாதத்திலேயே நிறம் மாறும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப், கிளிப், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது. விரித்து, அமிலம் இல்லாத அட்டை உறைக்குள் படுக்கை வாட்டில் வைத்து, பெட்டியில் மூடி, சூடும் ஈரமும் இல்லாத இருட்டு அலமாரியில் வைக்க வேண்டும். பரணும் நிலவறையும் வேண்டாம். எடுத்துப் பார்க்கும்போது கையைக் கழுவி, நன்றாக உலர்த்திக்கொண்டு தொடுங்கள்.