வேர்டு ‘மெமரி போதவில்லை’ என்றால் உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள்

எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் ஒரு வேர்டு கோப்பை ஒழுங்கான பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. யாராவது இதே சுவரில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள் என்பதால், ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது.

புத்தகம் என்னுடையதல்ல, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருடையது. ஓய்வு பெற்ற பிறகு அவர் நடுகல் நடுகல்லாக அலைந்து எடுத்த படங்களும் குறிப்புகளும். தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. வாத்தியாருக்கு இந்த மாவட்டக் கோடெல்லாம் ஒரு பொருட்டில்லை. “கல்லு நட்டவனுக்கு எந்த மாவட்டம்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டு, அரூர்ப் பக்கத்து இருளப்பட்டியிலிருந்து வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சின்னகொத்தூர் வரை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் போட்டுவிட்டார். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, படம் செருகுவது எல்லாம் கிருஷ்ணகிரியில் என் வீட்டுக் கணினியில்தான். அந்த வேலை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. சிக்கல் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ அழுத்தியதும் தொடங்கியது.

கீழே பச்சைப் பட்டை பாதி வரை நகரும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, மெமரியோ வட்டில் இடமோ போதாததால் ஏற்றுமதி தோல்வி என்று ஒரு பெட்டி வரும். எந்தப் பக்கத்தில் தோற்றது, எதனால் தோற்றது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஓகே என்ற ஒரே பொத்தான். தோற்றுப்போனதற்கு எதற்கு ஓகே என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதலில் வட்டு. டி டிரைவில் இடம் கொட்டிக் கிடந்தது, ஆனால் அதை நம்பாதீர்கள். நீங்கள் எங்கே சேமிக்கச் சொன்னாலும், வேர்டு தன் தற்காலிகக் கோப்புகளை விண்டோஸின் டெம்ப் கோப்புறையில்தான் எழுதும், அது வழக்கமாக சி டிரைவில் இருக்கும். என் சி டிரைவில் மூச்சு விடவே இடமில்லை. டெம்ப் கோப்புறையைக் காலி செய்து, பழைய பதிவிறக்கங்களை நகர்த்தி, இருபது ஜிபிக்கு மேல் இடம் பண்ணினேன். மறுபடியும் அதே பெட்டி. சரி, வட்டு இல்லை.

இதற்கிடையில் வாத்தியார் பொறுமை இழந்து, அந்தப் பெட்டியைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு ரவுண்டானா பக்கம் ஒரு கணினிக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் படத்தை முழுதாகப் படித்தாரா என்றே சந்தேகம். “ரேம் பத்தலைங்க சார், இன்னொரு எட்டு ஜிபி போட்டா பறக்கும்” என்று விற்றுவிட்டார். மாட்டினோம், பறக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது, பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்றார். என் வேர்டு எந்த வகை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வாத்தியார் ஓய்வூதியத்தில் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஏனென்றால் என் கணினியில் இருந்தது 32 பிட் ஆஃபிஸ். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், அதன் மேல் ஓடும் ஆஃபிஸ் 32 பிட் என்றால் அதற்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகம் எட்டவே எட்டாது. பழைய பதிப்புகளுக்கு 2 ஜிபிதான். கணினியில் முப்பத்திரண்டு ஜிபி போட்டாலும் இதுதான் கதை. உங்களுடையது எது என்று பார்க்க ஃபைல், அக்கவுன்ட், அபவுட் வேர்டு என்று போங்கள், மேல் வரியிலேயே இருக்கும். 32 என்று இருந்தால் அதை நீக்கிவிட்டு 64 போட வேண்டும், இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு எச்சரிக்கை: பழைய 32 பிட் ஆட்-இன்கள் (வேர்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) புதியதில் வேலை செய்யாது. என்னுடைய பழைய தமிழ் எழுத்துரு மாற்றி அப்படித்தான் போனது. ஆகவே அந்த மாதிரி வேலையெல்லாம் இருந்தால் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

64 பிட் போட்டதும் பட்டை முக்கால்வாசி தாண்டியது. சந்தோஷப்படுவதற்குள் வேறு பெட்டி வந்தது: எதிர்பாராத பிழை. அவ்வளவுதான், விளக்கம் இன்னும் சுருங்கிவிட்டது.

அச்சகத்துக்கு போன் செய்தேன். சிவகாசிக்காரர்கள், புத்தகம் போட்டே பழகியவர்கள், ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். போனை எடுத்தவர் “பிரின்ட் டு பிடிஎஃப் குடுங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். கொடுத்துப் பார்த்தேன். அது அச்சுப்பொறிக்கு அனுப்புவதுபோல ஒவ்வொரு பக்கமாகத் தள்ளும். பொருளடக்கத்தின் இணைப்புகளும் பக்கவாட்டு புக்மார்க்குகளும் எல்லாம் போய்விடும். அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. அந்த ‘அதே இடம்’தான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல துப்பு.

வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆஃபிஸிலும் திறந்து பார்த்தேன். அது பிடிஎஃப் கொடுத்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தமிழ் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பக்கங்கள் தள்ளிப்போய், பின்னால் இருக்கும் ஊர்ப்பெயர் அகராதியின் பக்க எண் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆரம்பத்திலிருந்தே அதில் வேலை செய்திருந்தால் அது வேறு. இணையத்தில் இலவசமாக மாற்றித்தரும் தளங்களும் இருக்கின்றன. நானூறு எம்பி கோப்பை அவற்றில் பல ஏற்கவே ஏற்காது. ஏற்றாலும், இன்னும் வெளிவராத ஒருவரின் உழைப்பை முகம் தெரியாத சர்வரில் ஏற்ற எனக்கு மனமில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், காசில்லாத வைத்தியம் இதுதான். பிடிஎஃப் சேமிக்கும் பெட்டியில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதற்குள் பக்க வரம்பு கொடுக்கலாம். 1 முதல் 400 வரை கொடுத்தேன், வந்துவிட்டது. 401 முதல் கடைசி வரை, வரவில்லை. அதைப் பாதியாக்கி, தோற்ற பாதியை மறுபடி பாதியாக்கி, இப்படியே போனால் எண்ணூறு பக்கமானாலும் பத்து தடவைக்குள் ஒரே பக்கத்தில் வந்து நின்றுவிடும். கோப்பை வெட்டாமல் வரம்பு மட்டும் கொடுப்பதால் பக்க எண்களும் அடிக்குறிப்பு எண்களும் மாறாது. வந்த துண்டுகளை பிடிஎஃப்சாம் என்ற இலவச மென்பொருளில் ஒட்டவும் செய்யலாம். வாத்தியார் மெய்ப்பு பார்க்க அப்படித்தான் கொடுத்தேன். துண்டுக்குத் துண்டு தாண்டும் இணைப்புகள் மட்டும் வேலை செய்யாது.

இதில் ஒரு அற்பத் தடங்கல்: முன் தடவை வந்த பிடிஎஃப் ரீடரில் திறந்தே இருந்தால், அதே பெயரில் மறுபடி சேமிக்க முடியாது. அதற்கும் வேர்டு பிழைப் பெட்டி காட்டும். அதைப் பெரிய பிழை என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

நின்ற பக்கத்தில் இருந்தது மல்லசந்திரம் கற்திட்டைகளின் (பழங்கால ஈமச் சின்னங்கள்) படம். புத்தகப் பக்கத்தில் பார்த்தால் இரண்டு அங்குல உயரம், சாதுவாக இருந்தது. வாத்தியாரின் அக்கா மகன் பல படங்களை ஒட்டி எடுத்த அகலப் படம் அது. அகலம் 16,000 பிக்சல், உயரம் 9,000, பிஎன்ஜி வடிவம். வட்டில் சில பத்து எம்பிதான். ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது சுருக்கி வைத்த படத்தை விரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வைத்துப் பெருக்குங்கள், 576 எம்பி. ஒரே படத்துக்கு! சாதாரண கேமரா படமும் இப்படித்தான். 6,000க்கு 4,000 என்றால் வட்டில் ஐந்தாறு எம்பி இருக்கும், விரித்தால் 96 எம்பி. நாம் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் படம் சிறிதாவதில்லை. எட்டு முழ வேட்டியை மடித்துக் கைக்குட்டை என்று பையில் வைப்பது மாதிரிதான் அது.

வேர்டு பொதுவாகச் சேமிக்கும்போது படங்களைத் தானே குறைத்துவிடும். ஆனால் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் ‘படங்களைச் சுருக்காதே’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடச் சொன்னது இதே அச்சகம்தான், தரம் குறையுமாம். அவர்கள் சொன்னது தப்பில்லை. அதன் விளைவு என்ன என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இன்னொன்று, வேர்டு கோப்புக்கு 512 எம்பி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. எங்கள் கோப்பு 460ஐத் தொட்டிருந்தது. இன்னும் நாலு ஊர் நடுகல் சேர்ந்திருந்தால் சேமிக்கவே முடிந்திருக்காது.

அந்த ஒரு படத்தை மாற்றிய பிறகும் மொத்தமாகக் கொடுத்தால் எங்கோ மூச்சு வாங்கியது. ஆகவே எல்லாப் படங்களையும் குறைப்பது என்று முடிவு செய்தேன். ஆயிரத்துக்கு மேல் படம், ஒவ்வொன்றாக நீக்கிச் செருகினால் பொங்கல் வந்துவிடும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. ஒரு நகல் எடுத்துக்கொண்டு, 7-ஜிப் என்ற மென்பொருளில் அதைத் திறந்தால் உள்ளே வேர்டு என்ற கோப்புறை, அதற்குள் மீடியா. அத்தனை படமும் அங்கே வரிசையாக இருக்கும். அவற்றை வெளியே எடுத்து, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் டைமென்ஷன்ஸ் பத்தியை வரவழைத்துப் பாருங்கள். எம்பி அளவைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், பிக்சல் அளவுதான் குற்றவாளியைக் காட்டும். பாதி பாதியாகத் தேடாமலே பெரும்பாலான ஆட்களை இங்கேயே பிடித்துவிடலாம்.

எங்கள் புத்தகத்தில் படத்தின் அகலம் நாலரை அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 1,350 போதும். கையிருப்பாக 1,800 வைத்துக்கொண்டு, இர்ஃபான்வியூ என்ற பட மென்பொருளில் மொத்தமாகக் குறைத்தேன். பெயரும் வடிவமும் மாறக்கூடாது. பிஎன்ஜி பிஎன்ஜியாகவே, ஜேபெக் ஜேபெக்காகவே இருக்க வேண்டும். பிறகு அதே 7-ஜிப் சாளரத்தில் மீடியாவுக்குள் இழுத்துப் போட்டு பழையதை மாற்றினால் முடிந்தது. பக்கத்தில் படத்தின் இடமும் அளவும் அப்படியே இருக்கும். கோப்புறையாக விரித்துவிட்டு மறுபடி ஜிப் செய்யாதீர்கள். வெளிக் கோப்புறையும் சேர்ந்துவிட்டால் வேர்டு கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடும்.

கோப்பு 140 எம்பிக்கு இறங்கியது. பிடிஎஃப் கொடுத்தேன். பட்டை முழுதாக ஓடி முடிந்தது! வாத்தியார் காபி போடச் சொன்னார்.

காபி ஆறுவதற்குள் அடுத்தது. இருளப்பட்டிக் கல்வெட்டு வரிகளை வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவத்திலேயே போட்டிருந்தோம், ஆங்கில விசைகளில் வட்டெழுத்தைத் திணித்த பழைய எழுத்துரு ஒன்றில். பிடிஎஃப் என் கணினியில் நன்றாகத் தெரிந்தது. வாத்தியார் மகள் கைபேசியில் திறந்தால் அந்த இடமெல்லாம் ஆங்கிலக் குப்பை. எழுத்துரு பிடிஎஃபுக்குள் ஏறவில்லை. கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் கோப்புறைக்குப் போய் அந்த எழுத்துருவைப் பார்த்தால், ‘எம்பெடபிலிட்டி’ என்ற இடத்தில் ரெஸ்ட்ரிக்டட் என்று இருந்தது. செய்தவரே பூட்டிவைத்திருக்கிறார். ஏற்ற முடியாத எழுத்தைப் படமாக்கும் தேர்வு ஒன்று அதே ஆப்ஷன்ஸில் உண்டு, நான் அதை நம்பவில்லை. அந்த வரிகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடுகளாக மாற்றி எஸ்விஜி படமாகச் செருகினேன். வரிகள் குறைவு என்பதால் முடிந்தது. பிடிஎஃப் ரீடரில் ப்ராப்பர்டீஸ், ஃபான்ட்ஸ் என்று பார்த்து, எல்லா எழுத்துருவுக்கும் எதிரே எம்பெடட் என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள். எழுத்துருக்கள் இல்லாத வேறொரு கருவியில் திறந்தும் பாருங்கள்.

தமிழுக்கு இன்னொரு சோதனை: பிடிஎஃபில் ‘கொற்றவை’ என்று தேடுங்கள். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் மாறிக் கிடக்கும், தேடினால் அகப்படாது. அச்சுக்கு மட்டும் என்றால் கவலையில்லை. இணையத்தில் போடப்போகிறீர்கள் என்றால் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பொருளடக்கத்தில் சில இடத்தில் ‘புக்மார்க் நாட் டிஃபைன்டு’ என்று வந்தது, எஃப்9 தட்டியதும் சரியானது.

அனுப்பியாகிவிட்டது. அச்சகத்திலிருந்து அதே குரல்: “சார், இது ஆர்ஜிபில இருக்கே, சிஎம்ஒய்கே வேணுமே?” ஆர்ஜிபி திரைக்கான நிறமுறை, சிஎம்ஒய்கே அச்சு மைக்கான நிறமுறை. வேர்டு சிஎம்ஒய்கே பிடிஎஃப் கொடுக்காது. உங்களிடம் அக்ரோபாட் இருக்கும், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதும் வண்ணப் பக்கங்களின் மாதிரி அச்சை மட்டும் வாத்தியாருக்குத் தபாலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.