சோதினை எங்கேயும் ஓடாது

ஜூலை மாத வங்கி இணக்கக் கூற்றில், எங்கள் காசேடும் வங்கிக் கூற்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கில், 270 ரூபாய் வித்தியாசம் நின்றது. காலையிலிருந்து காசேட்டையும் வங்கிக் கூற்றையும் மாறி மாறிப் பார்த்து நான் களைத்துப்போயிருந்தேன். எங்கள் நிறுவனத்தில் என்னிடம் வேலை பழகிய அவள் கதிரையை இழுத்துப் போட்டு, "ஒன்பதால பிரிபடுது அக்கா, இலக்கம் இடம் மாறியிருக்கும்" என்றாள். காசேட்டில் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தின் பாதியில் அடிமட்டம் நின்றது. 5,360 என்று விழ வேண்டியது 5,630 என்று விழுந்திருந்தது. எழுதியது நான்தான். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சரி போட்டாள். அடிமட்டத்தை எடுக்கவில்லை. அதைப் பிடித்தபடியே, "அக்கா, ஒரு விசயம் கேக்க வேணும்" என்றாள்.

2020 ஓகஸ்ட் 26, புதன்கிழமை. திகதி நினைவிருப்பதற்குக் காரணம், அடுத்த புதன்கிழமை, செப்டெம்பர் 2, அவள் பிரதேச செயலகத்தில் போய் நிற்க வேண்டிய நாள். அரசாங்கத்தின் பட்டதாரிப் பயிலுநர் நியமனம் வந்திருந்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, ஒரு வருடப் பயிற்சி, பிறகு நிரந்தரம். அதே கிழமைதான் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனமும் அவளைப் பயிற்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. பட்டயக் கணக்காளர் ஆவதற்கான மூன்று வருடப் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எதை எடுக்கிறது அக்கா?"

"கையில வந்ததை விடாதையும். சோதினை எங்கையும் ஓடாது. உத்தியோகத்தில இருந்துகொண்டே எழுதலாம்."

இவ்வளவுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்திருக்க மாட்டேன். வங்கி மூன்று மணிக்குப் பூட்டிவிடும், அதற்குமுன் வைப்புச் செய்ய வேண்டிய காசோலைகள் மேசையில் கிடந்தன. அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள், "நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "முதல்ல இந்தக் காசோலையளைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரும்" என்றேன்.

அந்த நேரம் நான் சொன்னது பிழையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுடைய வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். விசுவமடுவில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. கொடுத்த 550,000 ரூபாயோடு கூரை வரைதான் வந்தது. மிச்சத்துக்கு அம்மா கிழமைக் கடன் எடுத்தார். செவ்வாய்க்கிழமைகளில் கடன்காரர் வருவார்கள் என்பதால் திங்கட்கிழமைகளில் இவள் முகம் வேறாக இருக்கும். தகப்பன் இல்லை. தம்பி சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தான். கொழும்பில் பயிற்சிக்குக் கொடுக்கிற காசு வெள்ளவத்தை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது, வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. கொரோனா வேறு. இதையெல்லாம் அறிந்த ஒருத்தி வேறு என்ன சொல்வாள்? இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் இடத்தில் அவளைப் பயிலுநர் என்றே வைத்திருந்ததால் சேமலாப நிதியில் அவள் பெயர் விழவில்லை. அந்த முறை சேமலாப நிதியில் பெயர் இருந்த பிள்ளைகளின் விண்ணப்பங்கள், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று இழுபட்டன. எங்களுடைய குறை அவளுக்கு வாய்ப்பாக முடிந்திருந்தது. அதையும் விட்டுவிட்டுப் போ என்று எப்படிச் சொல்வேன்?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால், சோதினை ஓடாது என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் என்னை விடுவதில்லை. சோதினை ஓடாதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், பதிந்துவிட்டு எழுதலாம். ஆனால் அவள் கேட்டது சோதினையைப் பற்றியே இல்லை, பயிற்சி இடத்தைப் பற்றி. தாள்களை வீட்டில் இருந்து படித்து எழுதிவிடலாம், பட்டயக் கணக்காளர் என்ற பெயர் அதனால் மட்டும் வராது. அங்கீகரித்த இடத்தில் மூன்று வருடம் வேலை பழக வேண்டும். அப்படி ஓரிடம் எங்கள் பக்கத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொழும்பில் கிடைத்தாலும் தமிழில் படித்துவிட்டுப் போகிற வன்னிப் பிள்ளைக்கு அது இரண்டு முறை கிடைப்பதில்லை. இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துகொண்டுதான் அவள் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்னேன்.

அவளுக்குக் கணக்கில் இருந்த பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்து இரண்டாம் மாதம் எங்கள் ஐந்தொகையைப் பார்த்துவிட்டு, "எங்கட கட்டடம் குத்தகை தானே அக்கா, அது ஏன் இதில இல்லை?" என்று கேட்டாள். 2019 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நிதி அறிக்கையிடல் நியமம் 16 இன்படி, குத்தகைக்கு எடுத்ததைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும், கட்ட வேண்டியதைப் பொறுப்பாகவும் ஐந்தொகையில் காட்ட வேண்டும். வளாகத்தில் கடைசி வருடத்தில் அவள் அதைப் படித்திருக்கிறாள். "எங்களுக்கு அது தேவையில்லை" என்று சொன்னேன். சொன்னது சரிதான். எங்களைப்போன்ற சிறிய நிறுவனத்துக்குச் சிறு, நடுத்தர முயற்சிகளுக்கான நியமம்தான், அதில் இந்த மாற்றம் கிடையாது. ஆனால் ஏன் தேவையில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னேரம் எங்கள் கணக்காய்வாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் அதை எனக்கு முதலே தெரிந்தது மாதிரி அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஆகவே புதன்கிழமை நான் சொன்ன சொல்லில் அவள் மேலிருந்த அக்கறை எவ்வளவு, வேறென்னென்ன இருந்தது என்று எனக்கே நிச்சயமில்லை.

"நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?" என்ற கேள்விக்கு நீண்ட நாட்களாக நான் மனதுக்குள் வைத்திருந்த பதில், "நான் போயிருப்பேன்" என்பது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், மறைத்துவிட்டேன் என்றுதான் குற்றவுணர்வு. ஆனால் இதை எழுத உட்கார்ந்த பிறகு யோசித்தால், அதுவும் உண்மையில்லை. எனக்கும் ஒருமுறை வந்தது. யுத்தத்தில் பாதை பூட்டிய காலத்தில் பாதியில் நின்ற, கணக்கியல் தொழினுட்பவியலாளருக்கான ஏ.ஏ.ரி. பரீட்சையை, முகாமிலிருந்து வந்த பிறகு வவுனியாவுக்குப் பேருந்தில் போய்ப் போய் எழுதி 2011 இல் முடித்தேன். அடுத்த வருடம் பட்டயக் கணக்காளருக்குப் பதிந்து இரண்டு பாடம் சித்தியடைந்தேன். கொழும்பில் ஒரு பயிற்சி இடமும் சரிவந்தது. அம்மா தனிய என்று போகவில்லை. அம்மா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. "உன்ர விருப்பம்" என்றார். நான்தான் போகவில்லை. ஏ.ஏ.ரி. முடித்ததை வைத்துத்தான் இந்தக் கதிரை கிடைத்தது. கணக்கெழுதுனராக வந்தவள் கணக்காளராக இருக்கிறேன். படிப்பு மனிதரை உயர்த்தும் என்பதற்கு என்னையே நான் சாட்சி வைப்பேன். அந்தப் படிப்பு எந்தப் படியில் நின்றது என்பதையும் இந்தக் கதிரையே சொல்லும்.

அப்படியென்றால் அன்றைக்கு நான் அவளுக்குச் சொன்னது எனக்கு 2012 இல் யாரும் சொல்லாத பதிலா? அவள் போய் வென்று வந்திருந்தால் நான் போகாமல் விட்டது பிழையென்று ஆகியிருக்கும். அவள் நின்றுவிட்டால் நான் நின்றதும் நியாயம். இந்தக் கணக்கு அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியதா என்று கேட்டால், ஓடவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குத் துண்டுச்சீட்டு எதுவும் என்னிடம் இல்லை.

2022 வந்தபோது என் மனம் மறுபக்கம் சாய்ந்தது. ரூபாய் விழுந்து, டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் நிறுவனம் அரைச் சம்பளம்தான் கொடுத்தது. இரண்டு பேரை நிற்பாட்டினார்கள். அவளுடைய சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. கிழமைக் கடனை முடித்துவிட்டதாக அவள் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. நான் சொன்னது சரி என்று அன்று இரவு நிம்மதியாகப் படுத்தேன். ஒரு கிழமைகூட அந்த நிம்மதி நிற்கவில்லை. அவளோடு படித்த ஒரு பையன், அதே வருடம் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனவன், கட்டாரில் வேலை கிடைத்துப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டு நிலைமையும் இவளுடையதைவிடப் பெரிதாக நல்லதில்லை. அவனுக்கு யார் என்ன சொன்னார்களோ.

போன வருடம் காணி அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போனபோது அவளைக் கண்டேன். நல்ல சீலை, நிமிர்ந்த நடை, ஆட்கள் "மிஸ், மிஸ்" என்று கேட்டு வந்தார்கள். மேசையில் பயனாளிகள் பட்டியல். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு. அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறக்கிப் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குக் கிளையில இல்லையோ?" என்றேன்.

"அங்க வேற ஆக்கள் அக்கா. எங்களை அங்க போட மாட்டினம்."

"சோதினை?"

"ரெண்டு தரம் பதிஞ்சனான். லீவு கிடைக்கேல்ல. இப்ப பாடத்திட்டமும் மாறிட்டுது." பிறகு சிரித்துக்கொண்டு, "தம்பி கம்பஸ் போட்டான், அக்கா" என்றாள்.

அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லை. நான்தான் அதில் குறை தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கும் சொல்ல நியாயங்கள் இருந்தன, எல்லாவற்றையும் அடுக்கிவைத்திருந்தேன். அவள் தேநீர் வாங்கித் தந்தாள், என் படிவத்தைத் தானே கொண்டுபோய்க் கையெழுத்து எடுத்துவந்து தந்தாள். அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்தது.

போன கிழமை புதிதாக வந்த பிள்ளை, வவுனியாப் பல்கலைக்கழகம் முடித்தவள், இணக்கக் கூற்று எப்படிச் செய்வது என்று பழகப் பழைய கோவை கேட்டாள். 2020 ஆம் ஆண்டுக் கோவையை எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் எப்போதும் கொடுப்பேன், அவ்வளவு துப்புரவாக இருக்கும். ஜூலைப் பக்கத்தில் அவள் நின்றாள். 270 என்று எழுதி, ஒன்பதால் பிரித்து, அந்தச் சின்னச் சரி.

"இது ஆற்ற எழுத்து அக்கா? வடிவா இருக்கு."

"இங்க இருந்த பிள்ளை."

"இப்ப எங்க?"

"பிரதேச செயலகத்தில."

"அப்ப நல்ல இடம்தானே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.