கிள்ளானிலிருந்து உடுமலைக்கு வந்த ரௌட்டர்

காலை ஆறரை மணிக்கு எனக்கு அலுவலகம் தொடங்கிவிடும். கோலாலம்பூரில் அப்போது மணி ஒன்பது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், திருமணமாகி உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு வந்த பிறகும் அதே வேலையில் நீடிப்பது வீட்டுக்குள் நுழையும் ஒரு கண்ணாடி இழையின் தயவால்தான்.

இணைப்பு பெரிய நிறுவனத்துடையது. ஆனால் வீட்டுக்கு வந்து இணையப் பெட்டியை மாட்டியவர் ஊரின் கேபிள் டிவிக்காரர். வாசலை ஒட்டி மாட்டினார். நான் வேலை செய்வது பின்கட்டு அறையில். நடுவில் தடித்த சுவர்கள், வைஃபை அங்கே சரியாக எட்டவில்லை. கிள்ளானிலிருந்து கொண்டுவந்த ரௌட்டரை எடுத்தேன். "பழைய பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது அம்மிணி?" என்றார் மாமியார். அவருடைய தொலைக்காட்சி அந்த இணையப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

மோடம் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது ஒன்று. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுத்து வைஃபை பரப்புவது மற்றொன்று. இரண்டாவதை என் ரௌட்டர் ஏற்கலாம். முதலாவதில் கைவைக்க முடியாது. ஜிபான் என்னும் இழை இணைப்பு முறையில் ஒரே இழையைப் பிரித்து 32, 64 என்று பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். கீழே வரும் 1490 நானோமீட்டர் ஒளி எல்லா வீடுகளுக்கும் பொது. மேலே போகும் 1310 நானோமீட்டர் ஒளியை ஒவ்வொரு பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் அனுப்ப வேண்டும். நிறுவனத்திடம் வரிசை எண் பதிவாகாத பெட்டிக்கு அந்த நேரம் கிடைக்காது.

ஆகவே பழைய பெட்டி இருக்கட்டும், அதன் பின்னால் என்னுடையது என்று வைத்தேன். இணையம் வந்தது. ஆனால் இரண்டு ரௌட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றியதில் அலுவலகக் கணினிகளோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் முரண்டு பிடித்தது. இதற்குச் சரியான தீர்வு, நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்யும்படி, மாற்றுவது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "எங்கள் பெட்டியை அப்படியே பயன்படுத்துங்கள்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. கேபிள்காரரிடம் வேலை பார்க்கும் தம்பியிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து முடிப்பதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் எதற்கும் முதலில் ஆளைத்தான் தேட வேண்டும், அழைப்பு எண்ணை அல்ல. மலேசியாவிலிருந்து வந்த எனக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆனது.

அவரிடமிருந்து மூன்றை எழுதி வாங்கிக்கொண்டேன்: நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் பிபிபிஓஇ முறைக்கான பயனர் பெயர், கடவுச்சொல், கம்பியில் இணையப் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் வி-லான் எண். மூன்றாவதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் யூனிஃபை இணைப்புக்கு அது 500. என் ரௌட்டரில் பதிந்திருந்ததும் அதுதான். இங்கே வேறு எண். அதை மாற்றி, ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவான எம்டியூவை 1492 ஆக வைத்து, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்ததும் விபிஎன் அடங்கியது. எப்போதாவது நிறுவனம் தொலைவிலிருந்தே பெட்டியைப் புதுப்பிக்கும்போது பிரிட்ஜ் கலைந்துவிடுவதுண்டு. அப்போது மறுபடி அந்தத் தம்பிதான், மறுபடி மோர்தான்.

ஆடி மாதத்தில் எந்த ரௌட்டரும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று காற்றாலைகளை மட்டும் சுழற்றுவதில்லை. தென்னை மட்டையையும் பிய்த்துக் கம்பிமேல் போடுகிறது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். "ஏனுங்க அக்கா, மட்டை விழுந்திருக்குமுங்க, வந்து ஒட்டித் தருகிறேன்" என்பார் தம்பி. அதுவரை கைபேசி இணையம். மின்தடைக்கு மட்டும் வழி செய்திருக்கிறேன்: இரண்டு பெட்டிகளும் 12 வோல்ட்டில் ஓடுவதால் சிறிய யுபிஎஸ் ஒன்றே இரண்டையும் தாங்குகிறது.

தீராதது ஒன்று உண்டு. கிணற்று மோட்டாருக்கு எதிரே வைத்த கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. ரௌட்டர் பெற்ற முகவரியோ 100.64 என்று தொடங்குகிறது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இப்போதைக்கு ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறை வழியாக ரௌட்டரிலேயே ஒரு விபிஎன் அமைத்து, மாமனாரின் கைபேசியில் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். கோவைக்குப் போனாலும் மோட்டார் ஓடுகிறதா என்று அவரே பார்த்துக்கொள்கிறார்.