கிரைப் வாட்டர் பேல் ஏல்

வீட்லயே காய்ச்சின பேல் ஏல் பீர், மூணு வாரம் காத்திருந்து முதல் பாட்டில திறந்து கிளாஸ்ல ஊத்தி வீட்டம்மாகிட்ட நீட்டினேன். மோந்து பாத்துட்டு, "என்னங்க, கிரைப் வாட்டர் வாசனை அடிக்குது"ன்னா. கடுப்பாயிடுச்சு. அப்புறம் நானும் மோந்து பாத்தா, அட ஆமா, சின்னக் குழந்தைங்க வாயத் தொடச்ச துண்டுல வருமே, அச்சு அசல் அதே வாசனை.

எல்லாம் சொராச்சி ஏஸ் பண்ண வேலை. இது ஜப்பான் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்குற பூ), சப்போரோ பீர் கம்பெனி 1984-ல உருவாக்கினது, ஹொக்கைடோவுல இருக்குற சொராச்சிங்கிற பகுதியோட பேரு. அவங்க காய்ச்சுற லாகர் பீருக்கு இவ்ளோ தூக்கலான வாசனை ஒத்து வரல போல, ரொம்ப வருஷம் கண்டுக்காம கிடந்து, அப்புறம் யாக்கிமால ஒரு பண்ணைக்காரர் எடுத்து வளர்க்கப் போய்தான் அமெரிக்கால பரவுச்சு. யாக்கிமா எங்க சியாட்டில்லேர்ந்து ரெண்டரை மணி நேரம், அமெரிக்க ஹாப்ஸ்ல பெரும்பகுதி அங்கதான் விளையுது. எலுமிச்சை, தேங்காய், சதகுப்பை மூணும் வரும்னு பாக்கெட்ல போட்டிருந்தான். தேங்காய்னு பாத்ததும் மத்ததெல்லாம் என் கண்ணுல படல. கிரைப் வாட்டர்ல சேர்க்கிறது சதகுப்பை எண்ணெய்தான்னு அன்னிக்கு ஞாபகம் வந்திருந்தா நூறு கிராமுக்கு மேல கொட்டியிருப்பேனா?

(இங்க வீட்ல பீர் காய்ச்சுறது சட்டப்படி ஓகே, 1978-ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், பெரியவங்க ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரை, ஆனா விக்கக் கூடாது. நான் காய்ச்சுறத யார் வாங்கப் போறாங்க, அது வேற.)

19 லிட்டர் பேட்ச். பேல் மால்ட் (முளைகட்டிக் காய வச்ச பார்லி) நாலரை கிலோ, கிரிஸ்டல்னு இன்னொரு மால்ட் கால் கிலோ, 67 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறல் (மேஷ்), கராஜ் பூரா கோதுமைக் கஞ்சி வாசனை. கொதி வரும்போது மேல திரிஞ்ச பால் மாதிரி திரை திரையா மிதக்கும், அந்த நேரத்துல போனை எடுத்தா போச்சு, பொங்கி அடுப்பு மேல ஊத்திடும், ஊத்துச்சு. கசப்புக்கு மேக்னம்ங்கிற வேற ஹாப்ஸ் கொஞ்சம் ஆரம்பத்துலயே போட்டாச்சு. சொராச்சி மட்டும் கடைசில: கொதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது 28 கிராம், அஞ்சு நிமிஷம் இருக்கும்போது 28, அடுப்ப அணைச்சதும் 56.

ஏன் கடைசிலன்னு கேட்டா, ரசத்துல கொத்தமல்லிய எப்பப் போடுவோம்? அதே கதைதான். ஹாப்ஸ்ல இருக்குற ஆல்ஃபா ஆசிட் ரொம்ப நேரம் கொதிச்சாதான் கசப்பா மாறும், வாசனை எண்ணெயோ கொதிக்கக் கொதிக்க ஆவியாப் போயிடும். லேட்டா போட்டா வாசனை தங்கும். ஆனா நல்ல வாசனை மட்டும் தங்கு, சதகுப்பை நீ கிளம்புன்னு சொல்ல முடியாதே.

இதுல இன்னொரு கூத்து, லேட்டா போட்டா கசக்கவே கசக்காதுன்னு நினைச்சிருந்தேன். என் பாக்கெட்ல ஆல்ஃபா 12 சதவீதத்துக்கு மேல, அணைச்ச பிறகும் வோர்ட் (காய்ச்சின மால்ட் தண்ணி) சூடாதானே இருக்கு, அதுலயும் கசப்பு இறங்கிக்கிட்டேதான் இருக்கும். நாக்கோட பின்பக்கம் வேப்பங்கொழுந்து மென்ன மாதிரி இழுத்துச்சு.

ரெண்டாவது பேட்ச்ல கொதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சென்டெனியல்ங்கிற ஹாப்ஸ் 28 கிராம், கொதியில சொராச்சியே கிடையாது. அணைச்சு, காப்பர் காயில் வச்சு சூட்டை 80 டிகிரிக்கு இறக்கினப்புறம்தான் சொராச்சி வெறும் 14 கிராம், கூட இன்னொரு 28 சென்டெனியல், இருபது நிமிஷம் ஊற விட்டேன். ஈஸ்ட் முதல் பேட்சுக்குப் போட்ட அதே யுஎஸ்-05, 18 டிகிரி, ரெண்டு வாரம். அடர்த்தி 1.052-ல ஆரம்பிச்சு 1.011-ல நின்னுச்சு, அதாவது ஆல்கஹால் அஞ்சே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இந்த வாட்டி எலுமிச்சைத் தோலக் கிள்ளின மாதிரி ஒரு வாசனை முன்னாடி வருது, முழுங்கினப்புறம் லேசா தேங்காய். வீட்டம்மா ரெண்டு வாய் குடிச்சிட்டு "பரவால்லையே"ன்னா. அவ அகராதில அது பெரிய வார்த்தை.

முதல் பேட்ச கீழ ஊத்தல. போன வாரம் சால்மன மிளகாய்த்தூள் மஞ்சள் தடவி வஞ்சிரம் மாதிரி பொரிச்சோம், கூட அந்தக் கிரைப் வாட்டரத் திறந்தேன், மீனுக்கு அந்த சதகுப்பை வாசனை என்னமா சேருதுங்கிறீங்க. இன்னும் பதினோரு பாட்டில் இருக்கு, மீனுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். மிச்ச சொராச்சி ஃப்ரீசர்ல முருங்கைக்காய் பாக்கெட் பக்கத்துல கிடக்கு, சரியா கட்டலன்னா சாம்பாருக்கும் அந்த வாசனை வந்துடும்னு தினம் திட்டு வாங்கிட்டிருக்கேன்.